நாற்பத்தேழு எண்ணூறு

காம்பரா உத்திரத்தில் தொங்கியது உர பேக்,
உள்ளே ஸ்டோர்த் தூசியும் கிழிந்த கம்பளியும்.
பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.
அக்கா குத்தினாள்; என் முன்பல் போனது.
பால்பல்தானே என்றாள் அம்மா.

பொகவந்தலாவைப் பனி.
கொழுந்து கிள்ளும் விரலுக்குச் சுற்றுகிற
டியூப் துண்டுதான் முதல் கையுறை.
பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவரைத் தட்டுவார்கள்:
"பொட்டப்புள்ளைக்கு என்னாடி சண்டை?"
இவள் திருப்பித் தட்டுவாள்.
சுண்ணாம்பு உதிர்ந்து ரொட்டிமாவில் விழும்.

அந்திக்குத் தராசு.
அம்மாவின் பதினெட்டில் மூன்றை வெட்டினார் கணக்கப்பிள்ளை.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
மற்றது எதுக்கு என்று அக்கா கேட்டாள்.
அன்று அம்மாவுக்கு அரைப்பேர்.
ராத்திரி பேக் கிழிந்தது.

கொழும்பில் எடை பார்க்கிற அன்று
வெறுங்காலோடு ஏறி நின்றாள்,
கணுக்காலில் அட்டைக்கடித் தழும்பு.
நாற்பத்தேழு கிலோ எண்ணூறு.
பார்த்ததை அப்படியே எழுதினார் அதிகாரி.
இவள் இறங்கவில்லை.
"வெட்ட மாட்டீங்களா?"
அவருக்குத் தமிழ் தெரியாது.

முதல் சுற்றிலேயே விழுந்தாள்.
ஒன்று, இரண்டு... நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
ஆறு என்றதும் எழுந்துவிட்டாள்.
ஆறு மணிப் பெரட்டுக்குப் பழகிய உடம்பு.

மறுநாள் பேப்பரில் தேசிய சாம்பியன் யோகமாலா.
யோகமலர் என்று எழுத அவர்களுக்கு என்ன கஷ்டமோ.
அம்மா பதக்கத்தை உள்ளங்கையில் ஏந்தி
மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள்.
"இருநூறு கிராம் வரும்."

ஆசியப் போட்டிக்கு இன்னும் நாற்பது நாள்.
புது உர பேக் நான்தான் களவெடுத்து வந்தேன்.
எனக்குப் பல் முளைத்துவிட்டது.
குத்து அக்கா,
பிடித்திருக்கிறேன்.