பெயர் எழுதிய சீட்டு

நாலு மணி. கதவு சாத்தியாச்சு.
காலையில் வாக்குச்சாவடி, இப்போது
மாதகல் பள்ளிக்கூடத்தின் அதே மண்டபம் எண்ணும் இடம்.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த பின்னக் கணக்கு:
ஐந்தில் மூன்று போக மீதி இரண்டு.

பெட்டியின் முத்திரையைத்
தலைமை அலுவலர் பத்மசீலன் முகவர்களுக்குக் காட்டினார்.
"வடிவாப் பாருங்கோ, பிறகு கதைக்கக்கூடாது."
எமில்தாஸ் குனிந்து பார்த்தான்.
யோகராணி கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.
சுயேச்சைக் குழுவின் பெடியன்
தேத்தண்ணி வருகிற வழியைப் பார்த்தான்.

மேசையில் கவிழ்த்தோம்.
இரண்டு மாதச் சண்டைக்கு
இவ்வளவுதானா சத்தம்!

முதலில் குப்புறப் போட்டே எண்ணினோம்,
யாருக்கு என்று பாராமல், எத்தனை என்று மட்டும்.
இடாப்பில் அறுநூற்றுப் பதினொன்று.
மேசையில் அறுநூற்றுப் பத்து.
மின்விசிறியை நிறுத்தி மறுபடி எண்ணினோம்.
ஒன்று இன்னொன்றின் முதுகில்
வேர்வையோடு ஒட்டிக் கிடந்தது.

பிறகு திருப்பினோம்.
நடுங்கிய கையின் புள்ளடி,
வால் மட்டும் கட்டத்துக்கு வெளியே:
மனம் தெரிகிறது, செல்லும்.
இரண்டு கட்டத்திலும் புள்ளடி,
ஒருவரையும் நோகடிக்க விரும்பாத ஆள்: செல்லாது.
வெறும் சீட்டு: செல்லாது.
வெயிலில் வரிசையில் நின்று
வெறுமையை நாலாய் மடித்துப் போட்டிருக்கிறார்.

பிறகு அது வந்தது.
புள்ளடி அச்சடித்த மாதிரி.
அதன் கீழே முழுப்பெயர், ஒழுங்கை, வீட்டிலக்கம்.
"ஏழு மாதமாய்ப் பைப்பில் தண்ணீர் இல்லை.
தயவுசெய்து கவனிக்கவும்."

எமில்தாஸ்தான் முதலில் வாய் திறந்தான்.
"புள்ளடி கிளியரா இருக்கு, ஐயா."
"ஓம். ஆளும் கிளியரா இருக்கு."
போட்டவர் இன்னாரென்று காட்டினால்
அந்தச் சீட்டு செத்துப்போகும்.
பத்மசீலன் நிராகரித்து எழுதினார்,
எழுத்து மட்டும் கொஞ்சம் மெதுவாக.

இருநூற்று எண்பத்தேழு, யோகராணியின் கட்சி.
இருநூற்று எண்பத்தாறு, எமில்தாஸின் கட்சி.
சுயேச்சை இருபத்தொன்பது. செல்லாதவை ஒன்பது.
அந்தச் சீட்டு உயிரோடு இருந்திருந்தால் சமம்.
சமமென்றால் திருவுளச்சீட்டு.

"ஒண்டால போச்சே" என்று கதிரையில் இருந்துவிட்டான்.
முழுக்கப் போகவில்லை, தம்பி.
கரும்பலகையைப் பார்.
ஏறக்குறைய ஐந்தில் மூன்று ஆசனம் வட்டாரங்களுக்கு,
மீதி இரண்டு விகிதாசாரத்துக்கு.
எல்லா வட்டாரத்திலும் உன் கட்சிக்கு விழுந்ததைக் கூட்டுவார்கள்.
தோற்ற இருநூற்று எண்பத்தாறும்
அந்தக் கூட்டலில் போய் நிற்கும்.

செல்லாத ஒன்பதுதான் எங்கேயும் நிற்காது.
உறையில் போட்டு, ஒட்டி, மேலே ஒப்பமிட்டோம்.

இரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்தவள் நான்.
பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.
ஆனால் அந்த ஒழுங்கையால்தான் கந்தோருக்குப் போகிறேன்.
அடுத்த கிழமை, சைக்கிளில் இரண்டு கானோடு
ஒருவர் என்னை மறித்தார்.
சின்னவிரலில் மை இன்னும் போகவில்லை.
"வோட்டுப் போட்டாச்சு, பிள்ளை. இனித் தண்ணி வரும்."

ஐயா, என்றேன்,
சபைக்கு ஒரு கடிதமும் போடுங்கோ.
வோட்டில் புள்ளடி மட்டும்தான்,
கடிதத்தில்தான் பெயர்.
பெரிதாய், விலாசத்தோடு எழுதுங்கோ.
பெயரில்லாத கடிதத்தை அங்கே எடுக்கமாட்டினம்.

அவர் கானைக் கீழே வைத்துவிட்டு
சட்டைப்பையைத் தடவினார்.
"பேனை ஒண்டு இருக்குமோ?"