கடைமடை எலும்பு

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை,
மாவுக்கட்டு அறை.
என் மேசைக்கு வரும் கைகளுக்குப் பருவம் உண்டு.
அறுப்பு மாதத்தில் மெஷின் பெல்ட்டில் சிக்கிய விரல்கள்.
ஐப்பசியில் வரப்பு வழுக்கி
உள்ளங்கையை ஊன்றி விழுந்த மணிக்கட்டுகள்,
அகப்பைக் காம்புபோல் வளைந்து.
கொள்முதல் நிலையத்தில் சாக்குத் தைக்கும் செங்கமலம்
நடுராத்திரி எழுந்து கையை உதறுகிறாள்.
மற்ற விரல்கள் மரத்துக் கிடக்க
சுண்டுவிரல் மட்டும் விழித்திருக்கிறதாம்.
"ராத்திரிக்கு இந்தப் பட்டையைக் கட்டிக்கிட்டுப் படுங்க,
பகல்ல கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்றேன்.
"சாக்கு பகல்லதானே வருது" என்றாள்.

அமிர்தகடேசன் வந்தது ஆனிக் கடைசியில்.
வாய்க்கால் லஸ்கர்.
மதகின் திருகுக் கைப்பிடி நழுவிச் சுழன்று
ஆளைத் தளத்தில் தள்ளியிருக்கிறது.
படத்தில் ஒன்றும் இல்லை.
எட்டு எலும்பும் கூழாங்கல் மாதிரி
அதனதன் இடத்தில்.
"முறியலைன்னா விடுங்கம்மா, நாளைக்குத் தண்ணி வருது."

கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னேன்.
அடியில் இரண்டு நாணுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும்,
ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கொள்ளும் அளவு.
அங்கே அழுத்தினேன்.
வாய் ஒன்றும் சொல்லவில்லை.
கால் பெருவிரல் தரையைப் பிறாண்டியது.

டாக்டர் எட்டிப் பார்த்து எழுதினார்:
படகெலும்பு, சந்தேகம்.
கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டு.
பதினாலு நாள் கழித்து மறுபடம்.

பஞ்சைச் சுற்றிக்கொண்டே சொன்னேன்.
இது முந்திரிப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய எலும்பு.
மேலிருந்து வரும் ரத்தம்
இதன் முதல் முனையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்.
விரல் பக்கமாய் உள்ளே நுழைந்து
பின்னோக்கித் திரும்பி நடக்கும்.
நடுவில் விரிசல் விழுந்தால் அந்த வழி அடைபடும்.
முதல் முனை காய்ந்து கிடந்து
ஒருநாள் சத்தமில்லாமல் செத்துப்போகும்.

அவர் ஈரக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வாசலை ஒட்டியே ஆறு போவும். கை வைக்க முடியாது.
ஊரைச் சுத்தி வர்ற வாய்க்கால்லதான் நமக்குப் பாத்தியம்.
கடைமடைன்னு சொல்லுங்க."

கடைமடைதான், என்றேன்.
மாவு சூடேறத் தொடங்கியது.
அதன் பிறகு அவர் நாளைக்கு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

எல்லாரும் போனபின்
என் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி
கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன்.
மணிக்கட்டு ஓரத்தில் ஒரு மின்னல்.
பதினோரு வருஷம் ஈரச் சுருள் பிழிந்த கூலி.
கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடு, என்று சொல்லிக்கொண்டேன்.
செங்கமலத்தின் பதில்தான் வந்தது.

பதினைந்தாம் நாள் வந்தார்.
கட்டின் விளிம்பில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
"இடது கையாலதாம்மா திறந்தேன். சத்தியமா."
நம்பியதாகச் சொன்னேன்.
ரம்பம் பிளந்ததும் கை வெளியே வந்தது,
வெளுத்துச் சுருங்கி,
ஊறப்போட்ட விதைநெல் வாடையோடு.

புதுப் படத்தில் படகின் இடுப்பில் ஒரு கோடு,
பென்சிலால் இழுத்துவிட்டு
அழிக்கப் பார்த்த மாதிரி.
முதல் நாளும் அங்கேதான் இருந்திருக்கும்.

மறுபடி கட்டினேன். இன்னும் எட்டு வாரம்.
அப்படியும் சேராவிட்டால் தஞ்சாவூர்,
நெல்லளவு நீளத்தைவிடச் சற்றுப் பெரிய திருகாணி ஒன்று.
திருகாணி என்றதும் முகம் சுளித்தார்.
அவருக்குத் திருகுவது ஒன்றுதான் ஆகாது இப்போது.

வாசல்வரை போய்த் திரும்பினார்.
"முதல் முனைக்கு ரத்தம் வந்துருச்சாம்மா?"
இப்பச் சொல்ல முடியாது. பார்க்கணும்.
மாவு அப்பிய கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரித்தார்.
"நானும் அதைத்தான் சொல்றது,
மதகாண்ட வந்து நிக்கிறவங்ககிட்ட."