தற்காலிக அடைப்பு

சோஹார் தொழிற்பேட்டைச் சாலையில்
டயர் கடைக்கு மேல் மாடி, எங்கள் கிளினிக்.
டாக்டர் ரீமா பாதி அரபியும் பாதி ஆங்கிலமுமாகச் சொல்வதை
எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி
நான் தமிழில் சொல்வேன்.

இன்று கடைசி டோக்கன் சுடலைமுத்து.
துறைமுகத்தில் ரிக்கர்.
"வலி நேத்தே நின்னுபோச்சு சிஸ்டர்.
முன்பணம் கட்டிட்டேன், அதான் வந்தேன்."

நின்றதுதான் அண்ணே சேதி.
பதினோரு ராத்திரி உங்களை
அடுக்குக் கட்டிலில் புரட்டியெடுத்த நரம்பு
செத்துவிட்டது.
செத்தது கத்தாது.
வேரின் நுனியில் சீழ் மட்டும்
விசா இல்லாமல் குடியேறும்.
ரூம்காரர் கொடுத்த மாத்திரை
வீக்கத்தைக் கொஞ்சம் வடிக்கும், அவ்வளவுதான்.
ரத்தமே ஓடாத பல்லுக்குள்
மாத்திரை எந்த வழியாகப் போகும்?

"பிடுங்கிட்டா?"

கம்பெனி கார்டு
பிடுங்கினால் காசு கொடுக்கும்,
காப்பாற்றினால் கொடுக்காது.
டாக்டர் இதை இரண்டு தடவை சொன்னார்.
இரண்டாம் தடவை அவர் குரலில் இருந்ததை
நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.
கட்டை விரலில் நின்றார்.
"சரி, செய்ங்க."

சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா,
ஊரில் ஏதாவது ஊசிக்கு உடம்பு தடித்ததா,
இப்போதே சொல்லிவிடுங்கள்.
மரத்துப்போக ஒரு ஊசி. அது குத்தும்.
பிறகு வாயின்மேல் நீல ரப்பர்.
மூக்கால் மூச்சு விடுங்கள்.
வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்,
பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ரெண்டே வருஷம், பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு வந்துருன்னு
அனுப்பி வச்சாங்க சிஸ்டர்.
பதினாறு ஆச்சு."
டாக்டர் என்னவென்று கேட்டார்.
கடைவாய்ப் பற்கள் ஏன் மழுங்கியிருக்கின்றன என்று சொல்கிறார் என்றேன்.
தூக்கத்தில் பல் கடிப்பவர், என்று எழுதிக்கொண்டார்.

முடியைப் போல மெல்லிய கம்பிகள்,
ஒன்றன்பின் ஒன்றாக, சற்றே தடித்து.
கம்பியைக் கண்டதும் ரிக்கர் விழித்துக்கொண்டார்:
"அறுந்து உள்ளே சிக்குமா?"
அபூர்வமாய் முறியும்.
முறிந்தால் மறைக்க மாட்டோம், என்றேன்.
தினமும் இரும்புக் கயிற்றை நம்புகிற மனிதர்
தலையாட்டினார்.

கால்வாய்கள் மூன்று.
நான்காவது இருக்குமோ என்று
டாக்டர் தேடிக்கொண்டிருந்த நாற்பது நிமிடத்தில்
ரப்பருக்கு அடியிலிருந்து
குறட்டை கேட்டது.
இருவரும் கையை நிறுத்தினோம்.
பன்னிரண்டாம் நாள் தூக்கம்.
கொஞ்ச நேரம் விட்டுவைத்தோம்.

எழுந்ததும் சொன்னேன்:
உதடு திரும்பும்வரை எதையும் மெல்லாதீர்கள்,
குப்பூஸ் என்று உதட்டையே கடித்துவிடுவீர்கள்.
நாலைந்து நாள் கடிக்கும்போது நோகும், அது சகஜம்.
கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ
வெள்ளிக்கிழமை என்று பார்க்காமல் போன் போடுங்கள்.
இந்த வெள்ளை அடைப்பு தற்காலிகம்.
அடுத்த வாரம் வேரை நிரப்பி மூட வேண்டும்,
பிறகு கப் போட வேண்டும்.
கப் போடாத பல்
ஒரு பேரீச்சங்கொட்டையில் இரண்டாகப் பிளந்துவிடும்.
பிளந்தால் இத்தனை ரியாலும் வீண்.

"வலிக்கலேன்னா வரமாட்டாங்கல்ல எல்லாரும்?"
படி இறங்கும்போது கேட்டார்.
பாதிப் பேர், என்றேன்.

கம்பிகளைக் கழுவி, அடுப்பில் வைத்து,
ஏழு மணிக்கு டப்பாவைத் திறந்தேன்.
எலுமிச்சைச் சோறு. வலது பக்கமாக மென்றேன்.
இடது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தையது:
போன ரமலானில் வேர் நிரப்பியது.
தம்பி காலேஜ் பீஸ் முடியட்டும் என்று
கப்பைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கை கழுவியபடி டாக்டர் ரீமா
என் வலது கன்னத்தைப் பார்க்கிறார்.
அரபியில் ஒரே சொல்: எப்போது?

எனக்கு அந்த பாஷையே தெரியாததுபோல்
மென்றுகொண்டிருக்கிறேன்.