விம்மல்களை எண்ணுதல்

கேத்தில் கொதித்தால் ஃபா.
லுட்விக்ஸ்பூர்க் ரயிலின் கதவு மூடினால்
லா, கொஞ்சம் இறங்கினது.
மேல்வீட்டுக்காரரின் தும்மல்கூட
எனக்குப் பெயரோடுதான் கேட்கும்.
கலியாண வீடுகளில் மாமாமார்
கரண்டியால் கிளாசைத் தட்டி
"இது என்னெண்டு சொல்லு பாப்பம்" என்பார்கள்.
சொல்வேன். கைதட்டுவார்கள்.
அதற்காக நான் ஒரு துளி வியர்த்ததில்லை.

பியானோ திருத்தும் தொழிற்பள்ளியில்
முதல் வாரமே அந்தக் காது செல்லாக்காசு.
சுரத்தின் பெயரை அங்கே யாரும் கேட்கவில்லை.
இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கையில்
நடுவில் ஏதோ ஒன்று அலையடிக்கும்,
வௌ, வௌ, வௌ.
பௌதிகப் புத்தகத் தமிழில்
அதற்கு விம்மல் என்று பெயர்.
அழுகையில்லை. எண்ணிக்கை.
ஃபாவுக்கும் லாவுக்கும் நடுவே
நொடிக்கு ஏழு.
ஐந்தாம் சுரம் எதுவும் சுத்தமாய் நிற்கக்கூடாது,
ஒவ்வொன்றிலும் இம்மி குறைக்க வேண்டும்,
அப்போதுதான் பன்னிரண்டும்
ஒரே வீட்டில் குடியிருக்கும்.

எனக்குச் சுத்தம் தெரியும்.
குறைக்கத் தெரியாது.

பக்கத்து மேசையில் யோரிஸ் ஹேகெலே.
மரம் அறுக்கும் ஆலையில் இடது காதில் பாதியை விட்டவன்.
"இது தோ-வா ரே-யா?" என்றால்
மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிப்பான்.
நெஞ்சைப் பியானோவின் பலகையில் அழுத்தி
விம்மலை எலும்பால் எண்ணுவான்.
மூன்றாம் மாதம் அவனுக்கு நாற்பது நிமிடம்.
எனக்கு இரண்டு மணி நேரம், அதிலும் பிழை.

பரீட்சையில் நான் தோற்ற அன்று
கன்டீனில் உருளைக்கிழங்கு சாலட் ஆறிக்கிடக்க
"உனக்குக் காது இருக்கே" என்றான்.
"உனக்கு அப்பாவின் பட்டறை இருக்கு,
பெயர் எழுதின வேன் இருக்கு" என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் வென்றேன் என்று நினைத்தபடி
பஸ்ஸில் ஏறினேன்.

கோர்ன்வெஸ்ட்ஹைம் தாண்டும்போது
சாவிகள் நினைவுக்கு வந்தன.
இசைப்பள்ளியின் தரையை அம்மா இரவில் துடைத்தாள்.
ஈரம் காயும்வரை
ஏழாம் அறைப் பியானோ என்னுடையது,
எட்டு வயதிலிருந்து, சம்பளமில்லாமல்.
விண்ணப்பக் கடிதத்தில்
அதைக் கஷ்டம் என்று எழுதியிருந்தேன்.

பிறகு இரண்டு குளிர்காலச் சனிக்கிழமைகள்.
இருநூற்றுச் சொச்சம் பிருடைகள்;
ஒவ்வொன்றையும் இறக்கு, ஏற்று, இறக்கு.
பிருடை திரும்பும், தந்தி திரும்பாது.
கை எடுத்த பிறகு, கள்ளன்போல்,
மெல்லப் பின்வாங்கும்.
அதைக் காது பிடிக்காது.
மணிக்கட்டுத்தான் பிடிக்கும்,
அதுவும் ஆயிரம் தரம் ஏமாந்த மணிக்கட்டு.
வலது தோளில் இன்றைக்கும் ஒரு முடிச்சு உண்டு.

ஊர்ப் பத்திரிகை எழுதியது:
"தங்கக் காதுக்காரி."
தோளைப் பற்றி வரியில்லை.
சாவிக்கொத்தைப் பற்றியும்தான்.
நிருபர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

நேற்றுக் கச்சேரி மண்டபத்தில்
எனக்கு ஐம்பது நிமிடம் தந்தார்கள்.
அதே நேரம் வரிசைகளுக்கிடையே
ஒருத்தி தூசுறிஞ்சும் யந்திரம் இழுத்தாள்.
ஸோல்.
நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.
ஸோலை ஒரு சட்டையைப் போலக் கழற்றி வைத்துவிட்டு
மிச்சத்தை எண்ணினேன்.
அந்தக் கழற்றல் பிறவியிலேயே வந்தது.
எண்ணியது வேறு ஆள்.

வெளியே வரும்போது யோரிஸ் அழைத்தான்.
ஆட்டோபானில் வேன் முனகுகிறதாம்,
போனை என்ஜின் பக்கம் பிடித்தான்.
"ரே" என்றேன்.
"சரி. அதை வைத்து
நான் என்ன செய்ய?"