பிப்ரவரியில் பார்

கோடையில் எல்லா ஊரும் நல்ல ஊர்தான்,
பிப்ரவரியில் போய்ப் பார் என்றாள்
என்னோடு தபால் பிரிக்கும் ஹில்யா.
மூன்று இரவுக்கு அறை சொன்னோம்.
தாலினிலிருந்து மேற்கே, கடலைப் பார்த்துப் போகும் பேருந்து.
வெல்லோவின் மடியில் ஒரு நோட்டு, பக்கத்தின் நடுவில் கோடு.
இடப்பக்கம் ‘வரலாம்’.
வலப்பக்கம் ‘வேண்டாம்’.

முஸ்தமேயில் எங்களுக்கு ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
வெல்லோவின் இடது முழங்கால்
கொஞ்ச நாளாய் மூன்றாம் மாடியிலேயே
குடியிருக்க ஆசைப்படுகிறது.

இறங்கியபோது இருட்டு எங்களுக்கு முன்பே வந்து
ஊரெல்லாம் அறையெடுத்திருந்தது.
ரயில் நிலையம் உண்டு, ரயில் இல்லை.
காற்று கொண்டுவந்து போட்ட பனியில்
ஒரு பையன் தங்கையைச் சறுக்குவண்டியில் வைத்து
நடைமேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு
நிலையங்களின் பெயரைக் கூவியபடி இழுத்துப் போனான்.
ரயில் இல்லாததை வெல்லோ வலப்பக்கம் எழுதினான்.
பையனை எழுத இடம் தெரியவில்லை.

மறுநாள், மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல்
பார்த்தோம் ஊரை.
மருந்துக்கடை எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள்,
கம்பு ரொட்டி எந்த நாளில் சூடாய் வருகிறது,
பல் வைத்தியர் செவ்வாய்க்கிழமை மட்டுந்தானா.
விற்பனைக்கிருந்த மஞ்சள் மரவீட்டை
மார்கோ என்ற சின்னப் பையன் திறந்து காட்டினான்.
குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர்.
‘பழகிவிடும்’ என்றான்.
கூடம் கதகதப்பாக இருந்தது;
விடியுமுன்பே வந்து அடுப்பு மூட்டியிருக்கிறான், பாவம்.
வெல்லோ அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுச் சுவரைத் தொட்டான்.
தொட்ட கையை என் கழுத்தில் வைத்தான்.
கத்திவிட்டேன்.

மாலையில் அதே தெருவில்
விளக்கெரியும் சன்னல்களை எண்ணினோம்.
பத்தொன்பது வீட்டில் ஏழு.
அந்த ஏழிலும் ஒன்று வெறும் தொலைக்காட்சி வெளிச்சம்,
நீலமாய்த் துடித்துக்கொண்டு.
படுத்தபிறகு சொன்னேன்:
‘உன்னைப் பற்றிக் குறைசொல்ல
எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?’
அவன் எழுந்து விளக்கைப் போட்டு
அதையும் எழுதினான். வலப்பக்கம்.

இரவெல்லாம் பனி கொட்டியது.
விடிந்து போனால்
பத்தொன்பது வாசலுக்கும் பாதை வெட்டியிருக்கிறது.
இருட்டு வீடுகளுக்கும்தான்.
கடைசி வாசலில் ஒரு கிழவர், ஹெல்துர் என்று பெயர்,
பனிவாரியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.
‘இது யார் வீடு?’
‘ஹெல்சிங்கிக்காரர்கள். ஜூனில் வருவார்கள்.’
‘அப்புறம் ஏன் வாரினீர்கள்?’
கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
‘ஆளில்லை என்று பனிக்குத் தெரிந்துவிட்டால்
தெரு முழுக்க வந்து உட்கார்ந்துவிடும்.’
சிரிப்பார் என்று காத்திருந்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
‘மஞ்சள் வீடா பார்க்கிறீர்கள்?
அடுப்புக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தீர்களா?’
‘தொட்டோம்.’
‘சரி. அப்படியானால் பிழைத்துக்கொள்வீர்கள்.’

வெல்லோ அவரிடமிருந்து வாரியை வாங்கினான்.
முழங்காலை நினைவுபடுத்த வாயெடுத்தேன்,
முழங்காலுக்கே நினைவில்லை போலிருந்தது.
இரண்டு வாசல் மட்டும், என்றான்.
நான்கு வாரினான்.
உறைந்த விரிகுடாவில், வெகுதூரத்தில்,
யாரோ ஒருவர் முக்காலி போட்டு மீனுக்குக் காத்திருந்தார்.
நான் நின்று நின்று கால் மரத்துப்போய்
தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.
ஒரு பெண் காரை நிறுத்தி மருந்துக்கடைக்கு வழி கேட்டாள்.
சொன்னேன். ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள்,
சீக்கிரம் போங்கள் என்றும் சொன்னேன்.

பதினொன்றரைப் பேருந்தைத் தவறவிட்டோம்.
அடுத்ததில் வெல்லோ தூங்கிப்போனான்,
வாய் திறந்து, என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு.
நோட்டை உருவிப் பார்த்தேன்.
வலப்பக்கம் பதினான்கு. இடப்பக்கம் ஆறு,
அதில் ஒன்று ‘ரொட்டி’, இரண்டு முறை.
பேனா எடுத்தேன். ‘பனிவாரி ஒன்று, அகலமானது.’
எந்தப் பக்கம் என்று யோசித்து யோசித்து
கோட்டின் மேலேயே எழுதிவிட்டேன்.
பக்கத்தில் விலையும்.
விலை தெரியாது. ஒரு குத்துமதிப்புதான்.