இன்னொரு பாடி

ஷேர் ஆட்டோவில் போனில் சொன்னேன்,
"இன்னொரு பாடி பார்க்கப் போறேன்,
பழசா இருந்தாலும் பரவாயில்லை."
பக்கத்திலிருந்தவர் பையை மடியில் ஏற்றிக்கொண்டு
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வைகாசியில், வியாசர்பாடி மண்டபம்.
ஐயர் கையை உயர்த்த
கெட்டிமேளம் கூரையைத் தொட்டது.
அழுத்தினேன்.
ஷட்டர் பாதி வழியில் நின்றுவிட்டது,
கறுத்த திரையில் ஏதோ ஒரு பிழை எண்.
நான் நிமிர்ந்தபோது
மூன்றாவது முடிச்சை
நாத்தனார் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டியதும்
ஒன்றுமே நடக்காததுபோல் உயிர் வந்தது
அதற்கு.

"கட்டற மாதிரி... இன்னொரு தடவை..."
மாப்பிள்ளை தெய்வநாயகம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.
பிறகு கட்டிய கயிற்றையே கட்டுவதுபோல் பிடித்தார்.
சுகிர்தா குனிந்து கொடுத்தாள், தோள் குலுங்கியது.
சிரிப்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
தவில்காரர் மட்டும், இரக்கப்பட்டு,
ஒரு சின்ன உருட்டு உருட்டினார்.

ஆல்பத்தில் பதினாறாம் பக்கம்.
வெளிச்சம் சரி, ஃபோகஸ் சரி,
காற்றில் ஒரு அரிசி இல்லை.
எல்லோரும் போட்டு முடித்து
பாதிப் பேர் பந்தியில் இலைமுன் இருந்தார்கள்.

ரிச்சி தெரு, குறுகிய மாடிப்படி,
ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயின்ட் வாளி.
நவ்ஷாத் பாய் மஞ்சள் துணி விரித்து மூன்றை வைத்தார்.

ஒன்று புத்தம் புதுசு.
உள்ளே கண்ணாடி கிடையாது, சத்தம் கிடையாது,
மந்திரத்துக்கு நடுவே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.
ஆனால் பேட்டரி வேறு, என் லென்ஸுக்கு அடாப்டர் வேறு.
தை வரைக்கும் வருகிற முகூர்த்தமெல்லாம்
அதன் தவணைக்கே போகும்.

அடுத்தது லேசு, கழுத்துக்கு நல்லது.
கார்டுக்கு ஒரே துளை.
ஒருவர் கல்யாணத்தை ஒரே துளையில் போட்டுக்கொண்டு
வேளச்சேரிவரை பைக் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, என்னுடையதேதான். அதே மாடல்.
இருட்டில் நம் வீட்டு ஸ்விட்ச்சைப் போல
கட்டைவிரல் தானாகப் போய் நின்றது.
அம்பத்தூர்ப் பையனுடையதாம்,
துபாயில் கிடங்கு வேலை கிடைத்துப் போய்விட்டானாம்.
ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் கிளிக்.
கல்யாணத்துக்கு மூவாயிரம் என்றால்
நாற்பத்தேழு தாலி.

"ரெண்டுக்கும் ஒரே ஜாதகமாச்சே பாய்,
ஒரே நாள்ல ரெண்டும் படுத்துட்டா?"
"அப்படிப் பார்த்தா யாருமே கல்யாணம் பண்ண முடியாது சார்."

ஃபிளாஷைச் செருகிப் பார்த்தேன். ஏறவில்லை.
ஊதினேன், மறுபடி தள்ளினேன்.
மேல்தடத்தின் இடுக்கில் மஞ்சளாய் ஏதோ.
பாய் குண்டூசியால் நெம்பினார்.
கண்ணாடி மேசையில் சிந்தியது
ஒரே ஒரு அட்சதை.

"துடைச்சுதான் சார் வெச்சிருந்தேன்" என்று பதறி
ஐந்நூறு குறைத்தார்.

பதினொரு வருஷம்.
தட்டு என் முன்னால் வரும்,
தலையசைப்பேன், தாண்டிப் போகும்.
இரண்டு கையும் கேமராவில்.

செவ்வாய்க்கிழமை, மணி மூன்றே முக்கால்.
நல்ல ராகு காலம்.
என் பழையதையும் இதையும்
நம்பர் பார்த்து பில் எழுத
பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தியிருந்தார் பாய்.
விரல் நுனியில் அந்த அரிசியை ஒற்றியெடுத்து
போட்டேன்.

பேனாவை நிறுத்தி அவர் நிமிர்ந்தார்.
"வாரண்டி மூணு மாசம்தான் சார்" என்றார்.