இருபது எண்ணும் வரை

முசே கோர்தியே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும்
வீடு தலைகீழாகத் தொங்கும்.
தொங்குவதற்கு முன் அதைத் திருத்துவது என் வேலை.

சேன் தெனியில், பாரி வீதி வில்லா.
முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.
பின்பக்கம் கறையான். அது எங்கள் படத்தில் வராது.
அடுத்த வீட்டிலிருந்து நான்கு பனைத்தொட்டிகள் இரவல் வாங்கினேன்.
இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஒன்று.
இரண்டிரண்டாக வைத்தால் பாடை மாதிரி இருக்கும் என்றேன்.
முசே அதையே தன் வாக்காக
மதாமிடம் சொன்னார்.

தகட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.
சிவப்பைக் காட்டினால் கறுப்பு என்னும்
நீலத்தைக் காட்டினால் வெள்ளை.
மார்கழியில் பற்றியெரியும் மயிற்கொன்றை
அதில் கரிக்குவியல்.
வானம் வெறும் தாள்.
அதற்காகவே ஒரு மேகம் வைத்திருந்தோம்,
சேன் போல் கடற்கரையில் எப்போதோ பிடித்தது,
தனிக் கண்ணாடியில், பஞ்சு சுற்றி, பெட்டிக்குள்.
பதினோரு வில்லாக்களின் மேல் நின்றது அந்த ஒரே மேகம்.
எங்கும் ஒரு துளி பெய்யவில்லை.

நீரூற்றுதான் தொல்லை.
குதிக்கும் நீர் தகட்டில் புகையாகிவிடும்.
அடைக்கச் சொன்னார். அடைத்தேன்.
நடுவில் ஒரு பொக்கை விழுந்தது.
அப்போது துணி உலர்த்திவிட்டு அந்தப் பக்கம் வந்தாள் செங்கமலம்,
ஆண்டுக்கொருமுறை அளந்து கொடுக்கும்
புதுச்சேரி அவுரித் துணியில்.

'அவளை நிறுத்து.'
கையில் வெற்றுக் குடம். பார்வை கீழே. முழங்கை கொஞ்சம் வெளியே.
அவர் பிரெஞ்சில் எண்ணினார், நான் உதட்டுக்குள் தமிழில்.
நீண்ட இருபது அது.
தேவர்கள் கண் இமைப்பதில்லை என்பார்கள்.
அவள் ஆறு முறை இமைத்தாள்.
ஒன்றையும் தகடு வாங்கிக்கொள்ளவில்லை.

படத்தில் அவுரி வெளுத்து மடிப்பு மடிப்பாக நின்றது.
விருந்தாளிகள் குனிந்து பார்த்தார்கள்.
முகமும் கையும் வெண்கலம், ஆடை சலவைக்கல்,
யார் செய்த சிலை?
மதாம் விசிறியை மடக்கினாள்: 'மார்சேயிலிருந்து வந்தது.'

சொன்ன பொய்க்குக் கப்பலேறி வந்து சேர்ந்தது மெய்,
எட்டாம் மாதம், வைக்கோலில், மூக்கு உடைந்து.
மறுபடி எங்களை அழைத்தார்கள்.
உச்சி வெயிலில் அந்தக் கல்
தகட்டில் சோற்றுக்கட்டியாக விழுந்தது.
'சாக்குப் போட்டு மூடு,' என்றார் முசே. 'போய் அவளைக் கூப்பிடு.'

'கல்லுக்கு எவ்வளவு கொடுத்தார்களாம்?' என்று கேட்டாள்
முழங்கையைத் தானே சரிசெய்துகொண்டு.
'அறுநூறு பிராங்கு.'
ஒன்றும் பேசவில்லை.
பதினான்கு எண்ணும்போது
குடத்தைக் கீழே வைத்தாள்.
நடந்தாள். அவசரமில்லாமல், படிக்கட்டுப் பக்கமாக.

ஈரம் காயும்முன் கழுவினேன்.
அவள் இருக்கிறாள்,
அவள் இடுப்பின் வழியே படிகளும் தெரிகின்றன.
கைகள் வெள்ளியில் கறுத்த முசே
விளக்கருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.
'அந்த இடத்தில் நம் மேகத்தை வைத்து மூடலாமா?'

மேகம் உடைந்துவிட்டது என்றேன்.

பஞ்சு கலையாமல் பெட்டியிலேயே இருந்தது.